நூற்று அறுபத்திரண்டு ரிவெட்

கோகிலவாணியின் வலது உள்ளங்கையில், மணிக்கட்டை ஒட்டி, இரண்டு அங்குலத்துக்கு ஒரு தழும்பு உண்டு. கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு பாலிடெக்னிக்கில் அவள் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டராகச் சேர்ந்து ஐந்து வருடமாகிறது. மாணவர்கள் யாராவது கேட்டால், "ஆபரேஷன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

வடக்கனந்தல் பெண். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, சென்னைக்குப் பக்கத்தில் பஸ்களுக்கு உள்தகடு செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே தகடுகளை இணைப்பது ரிவெட் என்ற குட்டி ஆணிதான். துளைக்குள் அதை நுழைத்து, அதன் கம்பியைக் கருவியால் இழுத்தால் பின்பக்கம் உப்பி இரண்டு தகட்டையும் கவ்விக்கொள்ளும். கம்பி முறிந்து தனியே வந்துவிடும். பெரும்பாலான இடங்களில் காற்றழுத்தத் துப்பாக்கி அதை ஒரு நொடியில் முடித்தது. துப்பாக்கியின் மூக்கு நுழையாத மூலைகளுக்குக் கை ரிவெட்டர். அந்த மூலைகள் கோகிலவாணியின் பங்குக்கு வந்தன. ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு. ஒவ்வொன்றுக்கும் மூன்று அழுத்து. இரண்டாம் வருடம் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துப்போயின. சோறு பிசைந்தால் சூடு தெரியவில்லை. நரம்பு நெரிபட்டிருக்கிறது என்று டாக்டர் கையை அறுத்துச் சரிசெய்தார். அதன்பின் அவள் கை ரிவெட்டரைத் தொட்டதில்லை.

போன வருடம் பாலிடெக்னிக்கின் ரோபோ அணி சேலத்துப் போட்டிக்குப் போனது. ஓட்டத்தின் நடுவே போல்ட்டுகள் கழன்று, முன்சக்கரம் தனியாக உருண்டு போனது. அதனால் இந்த வருடம் ரோபோவின் உடற்சட்டம் முழுவதும் ரிவெட் என்று முடிவாயிற்று. கருவி ஒன்றுதான் வாங்கலாம் என்றார் துறைத் தலைவர். கோகிலவாணி யாரையும் கேட்காமல் கொள்முதல் படிவத்தில் 'காற்று ரிவெட்டர்' என்று எழுதினாள். பெயிண்ட் அடிக்கிற பழைய கம்ப்ரசர் ஒர்க்‌ஷாப்பில் ஏற்கெனவே இருந்தது. அணித் தலைவன் சரத்குமாருக்கு ஏகச் சந்தோஷம்.

சட்டத்தை வரைந்து பூட்டும் பொறுப்பு அபிநயாவுக்கு. ரிஷிவந்தியத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருகிற இரண்டாம் வருடப் பெண். அவள் போட்டி விதிகளை அச்செடுத்து வந்திருந்தாள்.

"மேடம், அங்க கம்ப்ரசர் எடுத்துக்கினு வரக்கூடாதுன்னு போட்டுருக்கு. நடுவுல பிளேட்டு பிச்சிக்கினா இன்னா பண்றது?"

"இங்கயே நல்லா அடிச்சிக்கினு போனா ஏன் பிச்சிக்குது?" என்றான் சரத்குமார்.

"போன வருஷமும் இதத்தான் சொன்ன."

"கையில அடிக்கிற பேச்சே வேணாம்" என்றாள் கோகிலவாணி. நினைத்ததைவிடக் குரல் கடுமையாக வந்தது. உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். "இது அதுல வந்ததுதான்."

அபிநயா குனிந்து தழும்பைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க ஒரு நாளைக்கு எத்தினி அடிச்சீங்க மேடம்?"

"ஆயிரத்தி எரநூறு."

"நம்ம ரோபோவுக்கு மொத்தமே நூத்தி அறுவத்திரெண்டுதான் மேடம்."

கோகிலவாணி மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் வரைபடத்தை விரித்து விரல் வைத்து எண்ணினாள். நூற்று அறுபத்திரண்டு. மறுபடி எண்ணினாலும் அதுவேதான். கம்பெனியில் அவளுக்கு அது காலை டீக்கு முன்னால் முடிகிற வேலை. இவர்களுக்கு ஒரு வருடத்துக்கு. தன் கைக்கு நடந்ததற்குப் பயந்து, இவர்கள் கைக்குக் கருவி எழுதியிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அடுத்த நாள், லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் காற்றுத் துப்பாக்கியும் கை ரிவெட்டரும் இரவல் வாங்கி வந்து, துண்டுத் தகடுகளை மேஜையில் போட்டாள். எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிவிட்டாள். துப்பாக்கி டக் டக்கென்று போனது. சட்டத்தின் உள்மூலையில் மட்டும் நுழையவில்லை. கை ரிவெட்டரில் சரத்குமார் இருபது அடித்துவிட்டுக் கையை உதறினான். அபிநயாவுக்கு ஆறாவது ரிவெட்டில் கம்பி முறியவே இல்லை. இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்துவிட்டுக் கருவியைக் கீழே வைத்தாள்.

"நான் வயரிங் பாத்துக்கறேன் மேடம். இத பசங்களே பண்ணட்டும்."

அது கோகிலவாணிக்குப் பிடிக்கவில்லை. விதிகளைப் படித்தவள் அவள், மூலையை வரைந்தவள் அவள். கருவி கைக்குப் பெரிதாக இருப்பதற்காக ஆளை மாற்றுவதா? கை ரிவெட்டரிலேயே நீண்ட பிடி இரண்டு வைத்து, வேலி கத்தரிப்பது போல இரு கையாலும் மடக்குகிற ஒரு வகை உண்டு. படிவத்தில் அதை எழுதினாள். துறைத் தலைவர், "ஏம்மா, காத்துல அடிக்கிறதுதானே லேட்டஸ்ட்டு?" என்றார்.

"இவங்க வேலைக்கு இது போதும் சார்."

கருவி வந்ததும் முதல் ரிவெட்டைத் தானே அடித்துப் பார்த்தாள். எட்டு வருடத்துக்குப் பிறகு. பலம் தோளிலிருந்து இறங்கியது. மணிக்கட்டு சும்மா இருந்தது. அபிநயா நான்கு நாளில் சட்டத்தை முடித்தாள். சரத்குமார் துளை போட்டுக் கொடுத்தான், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான்.

சேலத்தில் இரண்டாம் சுற்றில் எதிரணி ரோபோ மோதி முன்தகடு கிழிந்தது. அடுத்த ஓட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிடம். ஆசிரியர்கள் கயிற்றுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். சரத்குமார் பழைய ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்தான். அபிநயா மாற்றுத் தகட்டை வைத்து ஒன்பது ரிவெட் அடித்தாள். ஒன்று சாய்ந்துவிட, அதையும் துளைத்து மறுபடி அடித்தாள். கோகிலவாணி கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினாள். ரோபோ நேரத்துக்கு ஓடியது. அந்தச் சுற்றில் ஜெயித்தார்கள். கால் இறுதியில் மோட்டார் சூடாகித் தோற்றார்கள்.

"பிளேட்டு நின்னுச்சு மேடம்" என்றான் சரத்குமார், தோற்ற கையோடு.

வேனில் ஏறப் போகும்போது பூமாலை என்பவர் வந்து நின்றார். கல்வராயன் மலையில் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். அபிநயா தகடு மாற்றியதைப் பார்த்ததாகவும், அடுத்த வருடம் பள்ளிப் பிரிவுப் போட்டிக்குத் தங்கள் பிள்ளைகளும் வருவதாகவும் சொன்னார்.

"எந்த மெஷின் வாங்கலாங்க? காத்துலயா, கையிலயா?"

"புள்ளைங்க எத்தினியாவது சார்?"

"எட்டாவது. எல்லாம் சின்னச் சின்னக் கை. மழை வந்தா ரெண்டு நாளைக்குக் கரண்ட்டும் இருக்காதுங்க."

கோகிலவாணி கொஞ்சம் யோசித்தாள். "வாங்கிடாதீங்க சார். சனிக்கிழமை நான் மேல வரேன். மொதல்ல அவங்க இன்னா செய்யப் போறாங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

பூமாலை முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று சொன்னார். அவள் அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு வேனில் ஏறினாள்.