கோட்டுக்கு மேலே ஒரு குழாய்

ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் அவளைக் கறாரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குழாயில் சீட்டு கோணலாக ஒட்டியிருந்தால் டாக்டரானாலும் விடமாட்டாள். ஊரார் கையில் எல்லாம் ஊசி குத்தியவள், தன் கையில் குத்தும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதைச் சொல்லி மற்றவர்கள் செய்யும் கேலி இன்னும் ஓயவில்லை.

அல்சைமர் மறதிநோயை ரத்தத்திலேயே காட்டிக்கொடுக்கும் புது மெஷின் வந்திருந்தது. மூளை நரம்பு சிதையத் தொடங்கினால் ரத்தத்தில் ஒரு புரதம் ஏறும். இந்த அளவைத் தாண்டினால் சந்தேகம் என்று கம்பெனிக்காரர்கள் ஒரு கோடு கிழித்துத் தந்திருந்தார்கள். கோடு சரிதானா என்று பார்க்க, ஆரோக்கியமானவர்களின் ரத்தம் வேண்டும். வேலை செய்பவர்களே கை நீட்டினார்கள். குழாய்களில் எண் மட்டும்தான். எது யாருடையது என்பது ஒட்டிய கறாரக்காவுக்குத்தான் தெரியும்.

எல்லாம் கோட்டுக்குக் கீழே அடங்கிக் கிடக்க, ஒரே ஒரு குழாய் மட்டும் மேலே போய் நின்றது. பெரிய டாக்டர் அதை மறுபடி மெஷினில் ஓட்டச் சொன்னார். அதே இடம். கறாரக்கா குழாயின் எண்ணைப் பார்த்தாள். அது அவளுடைய குழாய்.

நம் ஆட்கள் எல்லாரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்கள், கம்பெனி கோடுதான் ரொம்பக் கீழே இருக்கிறது, கொஞ்சம் ஏற்றிவிடலாம் என்றார் டாக்டர். வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள்.

மௌனம் கலக நாஸ்தி. வாயை மூடிக்கொண்டிருந்தால் கோடு ஏறும், அவளும் நலமாகிவிடுவாள். கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண், மாற்றிப் போட்டிருந்த தன் அப்பாவின் சட்டைப் பொத்தான்களைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஏற்றிய கோட்டில் அந்த மனிதருக்கு ஒன்றுமில்லை என்று வரலாம். வயதானால் மறதி சகஜம் என்று அனுப்பிவிடுவார்கள். கறாரக்காவின் அம்மாவையும் அப்படித்தான் அனுப்பினார்கள். நோயைக் கொஞ்சமாவது தள்ளிப்போட்டிருக்கக்கூடிய காலம் அதிலேயே போயிற்று. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

கோட்டை ஏற்ற டாக்டரின் விரல் மெஷின் பொத்தானுக்குப் போனது.

"கோட்ட ஏத்தாதீங்க சார். அந்தக் குழாய் என்னோடது."

அவர் சிரித்தேவிட்டார். எல்லாருக்கும் எல்லாவற்றையும் ஞாபகப்படுத்துகிற ஆளுக்கா மறதிநோய் என்று கேட்டார்.

"எங்கம்மாவுக்கு இதே நோய்தான். போன மாசம் பஸ்ஸ விட்டு இறங்கி, வீட்டுக்கு எந்தப் பக்கம் போகணும்னு தெரியாம நின்னேன் சார். யார்கிட்டயும் சொல்லல."

டாக்டரின் சிரிப்பு அப்படியே நின்றது. அந்தக் குழாயை ஆரோக்கியமானவர்களின் கணக்கிலிருந்து எடுத்தார். கோடு பழைய இடத்திலேயே இருந்தது. இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, ஸ்கேன் பார்க்க வேண்டும் என்று ஏதேதோ சொன்னார். எல்லாம் அவள் மற்றவர்களுக்குச் சொல்லி வந்ததுதான். தலையாட்டிவிட்டு வெளியே போய், நோயாளிகளின் பெஞ்சில், அந்த அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.