முதல் ரகத்துக்கு ஒரு நட்சத்திரம்

படம் பார்த்த நாளின் காலண்டர் தாளை மட்டும் முருகம்மாள் கசக்கிப் போடுவதில்லை. மறுநாள் காலையில் கிழிப்பாள், நாலாக மடிப்பாள், இடுப்பில் செருகிக்கொள்வாள். கொடைக்கானல் மலைமேல் மன்னவனூருக்கு வாக்கப்பட்டு வந்த வருடம் தொடங்கிய பழக்கம்; பத்தொன்பது வருடமாகிறது. கை ஒழிந்த நேரத்தில் தாளின் பின்பக்கம் படத்தின் பெயரை எழுதுவாள். கீழே இரண்டு வரி. அதில் கதை இருக்காது. யார் கூட வந்தார்கள், எந்த இடத்தில் கரண்ட் போனது, பழநித் தியேட்டரில் முன்வரிசைக்காரி எதற்கு விசும்பினாள், இதெல்லாம்தான் இருக்கும். டிவியில் பார்த்த படமும் அவளுக்குக் கணக்கில் சேர்த்திதான். ஆறாம் வகுப்போடு நின்றதால் எழுத்து கொஞ்சம் கோணல். எழுதியதைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிடுவாள். நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவள், கண்ணால் பார்த்ததையெல்லாம் அந்த டப்பாவிடம்தான் சொல்லியிருந்தாள்.

போன ஐப்பசி மழையில் சுவரெல்லாம் ஓதம் ஏறி டப்பா துருப்பிடித்துவிட்டது. திறந்து பார்த்தால், அடியில் கிடந்த பதினோரு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பிரித்தால் கிழிந்தன. மேலே இருந்த இருநூறும் இன்னொரு மழைக்குத் தாங்காது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் நாத்தனார் ஜோதிமணி லீவில் வந்திருந்தாள். கொடைக்கானல் ஓட்டல் ஒன்றில் ரிசப்ஷனில் இருப்பவள். பார்த்த படங்களைக் குறித்துவைக்க வழி உண்டா என்று முருகம்மாள் அவளிடம் மட்டும் பட்டும்படாமல் கேட்டாள்.

"இதுக்கு ஆப் இருக்கு மதினி. பார்த்த படத்தையெல்லாம் போட்டு வச்சுக்கலாம்."

"எழுதுறதுக்கு எடம் இருக்குமா?"

"அப்படி என்னத்த எழுதப் போறீங்க?"

முருகம்மாள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள்.

ஜோதிமணி மூன்று செயலிகளை இறக்கிக் கொடுத்தாள். முதலாவதில் தமிழில் தட்டினால் ஒரு படமும் கிடைக்கவில்லை. இரண்டாவதில் போஸ்டரெல்லாம் பளபளவென்று இருந்தது, ஆனால் 'பார்த்தாச்சு' என்று ஒரு டிக் போடுவதோடு சரி. "பள்ளிக்கூடத்துல ஆஜர் எடுக்கிற மாதிரில்ல இருக்கு" என்று முருகம்மாள் ஒதுக்கிவிட்டாள். மூன்றாவது தமிழ்ப் பெயரைக் கண்டுபிடித்தது. கீழே குறிப்பு எழுத நீளமாக ஒரு கட்டமும் இருந்தது.

"இதேதான்" என்றாள். அவள் குரல் அவளுக்கே சத்தமாகக் கேட்டது.

அதன்பிறகு தினமும் வெள்ளனே எழுந்து, சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போய் நாலைந்து தாள்களை ஏற்றிவிட்டுத்தான் பூண்டுக் களத்துக்கு வேலைக்குப் போனாள். ஒவ்வொரு படத்துக்கும் செயலி நட்சத்திரம் கேட்டது, ஒன்றிலிருந்து ஐந்து வரை. அதில் அவளுக்கு ஒரு தயக்கமும் இல்லை. பதினைந்து வருடமாகப் பூண்டு ரகம் பிரிக்கிற கை. நல்ல திரண்ட பூண்டு முதல் ரகம், உதிர்ந்த பொடி ஐந்தாம் ரகம். நல்ல படத்துக்கு ஒன்று போட்டாள். தலைவலி கொடுத்த படத்துக்கு ஐந்து.

பொங்கல் வருவதற்குள், ஒட்டாமல் தப்பிய தாள் அத்தனையும் ஏறிவிட்டன. உடனே செயலி, 'உங்களுக்கு இந்தப் படம் நிச்சயம் பிடிக்கும்' என்று ஒன்றைக் காட்டியது. அதன் பேச்சை நம்பி, புருஷன் சின்னக்கருப்பனையும் ஜோதிமணியையும் அழைத்துக்கொண்டு மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பழநிக்கு இறங்கினாள். இடைவேளைக்கு முன்பே பாதித் தியேட்டர் காலி.

"நம்ம மேல என்ன கோவம் ஒன் போனுக்கு?" என்றான் சின்னக்கருப்பன், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்ததும்.

ஜோதிமணி போனை வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் டீயைக் கொட்டிக்கொண்டு சிரித்தாள். "ஐயோ மதினி! குப்பைப் படத்துக்கெல்லாம் அஞ்சு ஸ்டாரா? அஞ்சுதான் ஒசத்தி! அதான் இது குப்பையாத் தேடித் தருது!" சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். "இதென்ன, நாப்பத்தியோரு பேரு ஒங்க பின்னாடி வர்றாங்க?"

முருகம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க இல்ல மதினி, ஆப்ல. நீங்க எழுதுனத எல்லாரும் படிக்கிறாங்க. பூட்டாம விட்டுட்டோம்."

முருகம்மாள் போனைப் பிடுங்கக் கை நீட்டினாள். டப்பாவைத் தவிர யாரிடமும் சொல்லாதது நடுச்சந்தையில் கொட்டிக் கிடந்தது. அதற்குள் ஜோதிமணி உரக்கப் படித்தாள்: "'தங்கச்சி கல்யாண சீனில் இவர் அழுதார். கேட்டால் தூசி என்றார். தூசி இரண்டு கண்ணிலும் சரிசமமாக விழுந்திருந்தது.'"

"ஏ புள்ள, அது நெசமாவே தூசிதாண்டி!" என்று சின்னக்கருப்பன் கத்த, டீ ஆற்றிக்கொண்டிருந்தவரும் சிரித்துவிட்டார்.

"எனக்காகவா அழுதீங்க, அண்ணே?"

"போடி. ஒனக்கு எவன் அழுவான்?" மனைவி பக்கம் திரும்பினான். "அந்தக் காலண்டர் தாளா இதெல்லாம்? நீ மடிச்சு மடிச்சுச் செருகுறத நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீ ஏதோ சாமிக்கு நேர்ந்திருக்கேன்னு நெனச்சு வாயத் தெறக்கல."

முருகம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாளோ என்று அவன் குனிந்து பார்த்தான்; சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு படி" என்றான் தங்கையிடம். இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டுக் கேட்டு, ஊர் திரும்பும் கொடைக்கானல் பஸ்ஸைத் தவறவிட்டார்கள்.

அடுத்த பஸ் வரும்போது ஜோதிமணி கேட்டாள்: "பூட்டிரவா மதினி? நீங்கதான் சொல்லணும்."

"பூட்டிரு. ஒங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெறந்து வையி."

இப்போது அந்தச் செயலியில் இருநூற்றுப் பதினாறு படங்கள் இருக்கின்றன. ஒட்டிப்போன பதினொன்றில் ஏழு தாள்களை, புருஷனும் பொண்டாட்டியுமாக யோசித்து யோசித்து எழுதிவிட்டார்கள். நான்கு நினைவுக்கு வரவில்லை. மூன்று பேர் தவிர யாரும் படிக்க முடியாது. நட்சத்திரங்களை அவள் மாற்றவில்லை. செயலி எதைப் பார்க்கச் சொல்கிறதோ அதற்குப் போவதில்லை.