சாவி தர மறுத்த லூர்துமேரி

செவ்வாய்க்கிழமை காலை பெரம்பலூரிலிருந்து ரஹீம் அழைத்தார். என் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் குடியிருப்பவர். "சார், லூர்து அக்கா தவறிட்டாங்க. மாரடைப்பாம்." அவருடைய ஊரான ஏலாக்குறிச்சியில் நடந்த அடக்கத்துக்குக் கட்டடத்தின் பன்னிரண்டு வீட்டிலிருந்தும் வந்திருந்தீர்கள். அங்கே சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன்.

அரியலூரிலிருந்துகொண்டு அந்தக் கட்டடத்தைக் கவனிக்க முடியாமல் நிர்வாகத்துக்கு ஆள் தேடினேன். மாணவியர் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வுபெற்ற லூர்துமேரி வந்தார். சம்பளம்கூடக் கேட்கவில்லை. "மொதல்ல வூடுங்களப் பாத்துட்டு வரேங்க" என்று போய், ஒவ்வொரு கதவாகத் தட்டி விசாரித்துவிட்டு மாலையில் திரும்பினார். "மேல் மாடிக்கு ரெண்டு மாசமா தண்ணி சரியா ஏறலையாம். அதச் சரி பண்ணுங்க சார், சேர்றேன்." எனக்கே தெரியாத செய்தி அது. மோட்டாரை மாற்றினேன், அவரும் சேர்ந்தார்.

சென்ற ஆண்டு நடந்ததை, சம்பந்தப்பட்ட பெண்ணின் சம்மதத்தோடு எழுதுகிறேன். மகளோடு தனியாகக் குடியிருந்தவர் அவர். ஒருநாள் அவருடைய கணவர் என்னை அழைத்து, மனைவி வெளியூரில் இருப்பதாகவும் மகளின் சான்றிதழ் அவசரமாக வேண்டும் என்றும் பணிவாகச் சொன்னார். நம்பிவிட்டேன். மாற்றுச் சாவியைக் கொடுக்கும்படி லூர்துமேரியிடம் சொன்னேன்.

"அந்தப் பொண்ணக் கேக்காம தர முடியாதுங்க."

"கட்டடம் என்னோடது."

"கட்டடம் ஒங்களுதுதான் சார். வூடு அவங்களுது."

கோபத்தில், நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அன்று மதியமே அந்த மனிதர் வந்துவிட்டார். படிக்கட்டை மறித்து நின்ற லூர்துமேரியைத் தள்ளியதில் அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. ரஹீமும் மற்றவர்களும் ஓடிவந்து அந்த ஆளைப் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தார்கள். அந்தப் பெண் வெளியூரில் இல்லை. காய்ச்சலோடு உள்ளேதான் படுத்திருந்தார். அடி தாங்காமல் அவனை விட்டு வந்தவர்.

மறுநாள் கட்டுப்போட்ட கையோடு வாசலில் இருந்த லூர்துமேரியிடம் மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட எதுக்கு சார்? மேல போயி அந்தப் பொண்ணுகிட்ட கேளுங்க. வரச் சொன்னா மட்டும் உள்ள போங்க" என்றார்.

போனேன். அந்தப் பெண் என்னை உள்ளே அழைக்கவில்லை. வாசலில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கினேன். லூர்துமேரி வேலையில் தொடர்ந்தார்.

நேற்று அந்த வேலைக்கு ஒருவர் வந்தார். "நீங்க எது சொன்னாலும் செஞ்சிடுவேன் சார்" என்றார். முன்பென்றால் அந்த ஒரு சொல்லுக்காகவே சேர்த்துக்கொண்டிருப்பேன். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். என்னிடமே முடியாது என்று சொல்லக்கூடிய ஒருவர் கிடைக்கும்வரை தேடுவேன். லூர்துமேரியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது.