வருகிறவர்களுக்கு எழுந்து நின்றவர்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலரை எங்கள் அம்மா தம் இடுப்பில் தூக்கி வைத்திருந்திருக்கிறார். மற்றவர்களுக்கு, எங்கள் வீட்டுப் படியேறி வந்த நேரத்தில், ஒருமுறையாவது கதிரையை விட்டு எழுந்து நின்றிருக்கிறார். அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இந்த வேளையில், மகள் என்ற உரிமையோடு அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுத உட்கார்ந்தால், இந்த இரண்டும்தான் முந்திக்கொண்டு வருகின்றன.

அம்மா பிறந்தது எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில். பெற்றோருக்கு மூத்த பிள்ளை. தாயார் நோயில் விழுந்ததால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலைக்குச் சேர்ந்தார். கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளைப் பகல் முழுக்க விட்டுச்செல்லும் இடம் அது. ஒரு பிள்ளை தொட்டிலில் அழும், ஒன்று தரையில் தவழும், ஒன்று எந்நேரமும் அம்மாவின் வலது இடுப்பில் இருக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் 'ஆயாம்மா'. அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு மாத்தளை நகரத்துக்கு வந்த பிறகும், பஸ் ஏறிப் போய் அதே வேலையைத்தான் ஓய்வு பெறும்வரை செய்தார். அண்ணனும் நானும் வளர்ந்ததும் அந்தக் காம்பராவில்தான். அங்கே எங்களுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. இடுப்பில் ஏற நாங்களும் முறை பார்த்துத்தான் காத்திருந்தோம்.

அப்பா புடவைக் கடையில் துணி அளந்து கொடுத்தவர். நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை. அதனால் வீட்டுக்கு வந்து கதிரையில் சாய்ந்துவிட்டால், யார் வந்தாலும் எழும்ப மாட்டார். இருந்த இடத்திலிருந்தே "வாங்க, இருங்க" என்பார். அம்மா இதற்கு நேரெதிர். சம்பந்தி வந்தாலும் எழுவார், மீட்டர் பார்க்க வரும் தம்பிக்கும் எழுவார், பாண் விற்க வருகிறவர் மிச்சக் காசு கொடுக்க உள்ளே வந்தாலும் எழுவார். "நான் கடையில நிக்கிறேன், நீ வீட்டுல நில்லு. நல்ல குடும்பம்" என்று அப்பா கேலி செய்வார்.

நானும் ஒருநாள் கேட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: "எங்கப்பா தோட்டத்து ஆபீசு வாசல்ல எத்தனையோ வாட்டி நின்னிருக்காரு. உள்ள கதிரையில இருந்தவங்க ஒருத்தரும் அவருக்கு எழும்பினதில்ல. என் வீட்டுக்கு வாறவங்களுக்கு அந்தக் கொறை வரக் கூடாது, அவ்வளவுதான்." கண்ணில் வந்த தண்ணீருக்கு வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு, எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார்.

ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் சுமந்த அந்த வலது இடுப்பு கடைசியில் தேய்ந்துபோனது. பஸ் படியில் ஏற முடியவில்லை, சாமிப் படத்துக்கு முன்னால் தரையில் உட்கார முடியவில்லை. கண்டியில் ஒபரேஷன் செய்து செயற்கை மூட்டு வைத்தார்கள். மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்றார் டொக்டர். அம்மாவும் அதை அப்படியே நம்பி, கோயில் மாசித் தேருக்குக் கட்ட வேண்டிய சேலையை முன்கூட்டியே எடுத்து வைத்தார்.

மூன்று மாதம் வந்தது. போனது. தேரும் போனது. வலி மட்டும் போகவில்லை. காலையில் கட்டிலிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது அம்மாவின் முகம் சுருங்கிவிடும். மழை நாட்களில் தொடை முழுக்க இழுத்துப் பிடிக்கும். முழங்கால்களுக்கு நடுவே தலையணையை வைத்துக்கொண்டு மல்லாந்தே படுக்க வேண்டும். குனிய முடியாததால் மெட்டி கழன்றால் அண்ணிதான் மாட்டிவிட வேண்டும். அதுதான் அம்மாவுக்குப் பெரிய கூச்சம். மருமகள் காலைத் தொடும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொள்வார்.

கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மூட்டு அருமையாகப் பொருந்தியிருக்கிறது என்றார்கள். "அப்ப நோவுறது யாருக்கு?" என்று அம்மா கேட்டார். டொக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பொறுமையாக இருக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அம்மா தாமே ஒரு விளக்கம் கண்டுபிடித்தார்: "புது மருமக வந்திருக்கா. இந்த வீட்டோட ஒத்துப்போக நாளாகும்." அண்ணி விடவில்லை. "நான் வந்த புதுசுல இப்படியா அத்தை நோவு குடுத்தேன்?" என்றார். "நீ இதுக்கு மேல" என்றார் அம்மா. இருவரும் சிரித்து முடிய வெகு நேரமானது.

எப்போதும் சிரிப்பாக இருந்தது என்று சொன்னால் அது பொய். ஒருநாள் பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், தம் மச்சாள் இதே ஒபரேஷன் செய்து ஒன்றரை மாதத்தில் கோயிலைச் சுற்றி வந்த கதையைச் சொல்லிவிட்டுப் போனார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவர் போன பிறகு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஏதும் பிழையா செய்றேனா புள்ள? எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று அழுதார். நானும் அழுதேன்.

ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். அது அம்மா வளர்த்த கூட்டம் அல்லவா. எல்கடுவயிலிருந்து, ரத்தோட்டையிலிருந்து, வில்கமுவயில் கட்டிக்கொடுத்த பெண்கள்கூடக் கிடைத்த பஸ்ஸைப் பிடித்து, தோடம்பழமும் பிஸ்கட்டுமாக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அம்மா எழுந்தார். கதிரைக் கையை இறுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்து, பிடித்து நடக்கும் வோக்கரில் ஊன்றி, நிமிர்ந்து நின்ற பிறகுதான் "வாங்க" என்பார். "ஐயோ, இருங்க ஆயாம்மா" என்று அவர்கள் பதறுவார்கள். அம்மா கேட்க மாட்டார்.

இதைத் தாங்க முடியாதவர் அப்பாதான். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் காலை தம் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் கேட்டடியில் போட்டு உட்கார்ந்தார். காற்று வாங்குகிறார் என்று நினைத்தோம். அங்கிருந்தபடி வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருவரிடம் "தூங்குறா" என்பார், இன்னொருவரிடம் "இப்பத்தான் மருந்து குடிச்சா" என்பார். அம்மா குளிப்பதாகவே ஒரே காலையில் மூன்று பேருக்குச் சொல்லியிருக்கிறார். கடையில் ஒரு முழம்கூடக் குறைத்து அளக்காதவர், கேட்டில் வாய் கூசாமல் பொய் அளந்தார்.

வீடு அமைதியாகிவிட்டது. இனி ஓய்வு கிடைக்கும், வலி குறையும் என்று நாங்களும் நம்பினோம். நடந்தது வேறு. யாரும் வராததால் அம்மா எழும்பவில்லை. எழும்பாததால் கதிரைக்கும் வரவில்லை. கட்டிலே கதியானது. "எல்லாரும் மறந்துட்டாங்க போல" என்று ஒருநாள் சுவரைப் பார்த்துச் சொன்னார். வலி முன்பைவிடக் கூடியது. இனி இவர் எழும்பவே மாட்டாரோ என்ற பயம் எங்கள் எல்லாருக்கும் வந்துவிட்டது.

அந்த நாட்களில்தான் எல்கடுவயிலிருந்து செல்வி வந்தாள். பிள்ளைக்காம்பராவில் அம்மா கையில் வளர்ந்தவள். தன் முதல் குழந்தையை அம்மாவிடம் காட்டக் கொண்டுவந்திருந்தாள். வழக்கம்போல அப்பா, "தூங்குறா புள்ள, பொறகு வா" என்று அனுப்பிவிட்டார். அவள் திரும்பும்போது குழந்தை அழுதது. அம்மா கட்டிலில் விழித்தபடி படுத்திருந்தார். பிள்ளை அழுகை காதில் விழுந்தால் அம்மாவுக்குத் தூக்கம் ஏது? அண்ணியைக் கூப்பிட்டு ஜன்னல் வழியே பார்க்கச் சொன்னார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு செல்வி தெருமுனையில் போய்க்கொண்டிருந்தாள்.

விஷயம் வெளியே வந்தது. அம்மா அப்பாவை அறைக்குள் அழைத்தார். அன்று நானும் அங்கே இருந்தேன்.

"நான் என்ன செத்தா போயிட்டேன், வாசல்லயே ஆளைத் திருப்பி அனுப்ப?"

அப்பா நிலத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "நீ எழும்புறப்ப உன் மூஞ்சியப் பாக்க முடியல. என்னால முடியல" என்றார். அம்மாவின் கோபம் பாதி அங்கேயே கரைந்தது. மீதிப் பாதியை மூன்று நான்கு நாள் பேசாமல் இருந்து தீர்த்துக்கொண்டார்.

அடுத்த கிளினிக்குக்கு ஓட்டோவில் போகும்போதும் அப்பா முன்னால், அம்மா பின்னால், நடுவில் பேச்சில்லை. அங்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் மிஸ், அம்மாவின் தொடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் மாறினார். தசை பலம் இழந்துவிட்டது, அதனால்தான் இந்த வலி, முன்பு செய்துவந்த எதையாவது நிறுத்திவிட்டீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். அண்ணி ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொன்னார், அப்பாவின் கேட்டுக் காவல் உட்பட. மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். கதிரையிலிருந்து எழும்புவதும் உட்காருவதும்தான் இந்த அம்மாவுக்குச் சொல்ல இருந்த முதல் பயிற்சி என்றார். உயரமான கதிரையாகப் போடுங்கள், கைகளை ஊன்றி எழும்பட்டும், களைத்தால் நிறுத்தட்டும், ஆனால் தயவுசெய்து ஆட்களை வரவிடுங்கள் என்றார். வலி ஒரே நாளில் போகாது, கொஞ்சம் மிஞ்சவும் கூடும், அதற்காகப் பயந்து படுத்துவிடக் கூடாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தமிழ் போதாது.

அன்று மாலையே அப்பா கதிரைக் கால்களுக்கு அடியில் பலகைத் துண்டுகளை ஆணியடித்து உயர்த்தினார். கேட்டடியில் கிடந்த தம் கதிரையை உள்ளே கொண்டுவந்தார். பிறகு யார் யாரைத் திருப்பி அனுப்பினாரோ, அவர்கள் வீட்டுக்கெல்லாம் தாமே போனார். "வந்து பாருங்க. எங்க வீட்டு ஆளு எழும்பணுமாம், டொக்டர் சொல்லிட்டாரு" என்று அழைத்தார். சனம் திரும்பவும் வரத் தொடங்கியது. விஷயம் தெரிந்த குறும்புக்காரர்கள், அம்மா எழுந்து உட்கார்ந்த பிறகு வெளியே போய், "ஆயாம்மா, இப்பத்தான் வாறேன்" என்று மறுபடி உள்ளே வருவார்கள். "கழுதைகளா" என்று திட்டிக்கொண்டே அம்மாவும் மறுபடி எழுவார்.

செல்வியை அழைத்துவர அப்பா எல்கடுவவுக்கே போனார். தாமும் மூட்டு வலிக்காரரான அவர், பஸ்ஸை விட்டிறங்கி லயம் வரைக்கும் ஏற்றத்தில் நடந்திருக்கிறார். செல்வி வந்த அன்று அம்மா காலையிலேயே குளித்து, தேருக்கென்று எடுத்து வைத்திருந்த அந்தச் சேலையைக் கட்டி, கதிரையில் தயாராக இருந்தார். வாசலில் நிழல் தெரிந்ததும் கைகளை ஊன்றினார். அண்ணி தாங்கப் போனார். வேண்டாம் என்று தலையசைத்தார். எழுந்தார். வோக்கரைத் தொடாமல் சுவரில் சாய்ந்து நின்று இரண்டு கையையும் நீட்டினார். செல்வி பழக்கத்தில் வலது பக்கமாகக் குழந்தையைக் கொடுக்க வந்தாள்.

"அந்தப் பக்கம் வேணாம்டி. புது மருமகளுக்குப் பிள்ளை தூக்கிப் பழக்கமில்ல" என்று சொல்லி அம்மா இடது இடுப்பில் குழந்தையை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரந்தான். ஆனால் அந்த முகத்தில் வலியைத் தேடிப் பார்த்தேன், காணவில்லை.

வலி அதோடு தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான். தீரவில்லை. குறைந்தது, மெல்ல மெல்ல. வோக்கர் போய்க் கைத்தடி வந்தது. அடுத்த மாசித் தேரை வீதியோரத்தில் கதிரை போட்டுப் பார்த்தார். தேர் நெருங்கியதும் எழுந்து நின்றார். மழை நாளில் "இன்னைக்கு மருமக மொகத்தத் தூக்கி வச்சிருக்கா" என்பார். அந்த வலியோடு பேசி, கோபித்து, சமாதானமாகி, அதையும் வீட்டில் ஓர் ஆளாக்கிக்கொண்டு சில நல்ல ஆண்டுகள் எங்களோடு இருந்தார்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் சளிக்காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், டொக்டர் அறைக்குள் வந்தபோது அம்மா கையை ஊன்றப் பார்த்தார். "படுங்கம்மா, படுங்க" என்று அவர் தோளைத் தொட்டுச் சாய்த்தார். மறுநாள் காலை, அண்ணி வாயில் தண்ணீர் விட, எங்கள் எல்லாருடைய கையையும் விட்டு அம்மா போய்விட்டார்.

அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். தலைமாட்டில் அம்மாவின் அந்த உயர்ந்த கதிரையில் அப்பாவை உட்கார வைத்தோம். துக்க வீட்டுக்கு வருகிறவர்களை யாரும் "வாங்க" என்று அழைப்பதில்லை. அப்பாவும் அழைக்கவில்லை. ஆனால் முதல் ஆள் படியேறியதும் கதிரைக் கையை ஊன்றி எழுந்தார். அடுத்தவருக்கும் எழுந்தார். அதற்கடுத்தவருக்கும். எத்தனையோ ஆண்டுகளாக வீட்டில் ஒருவருக்கும் எழும்பாத மனிதர். மூட்டு வலியோடு இப்படி எழுவதைப் பார்த்து அண்ணன் அவர் தோளைப் பிடித்து, "இருங்கப்பா, ஏன் இப்படி?" என்று கேட்டார்.

"அவளால எழும்ப முடியல. யாராவது எழும்பணும்ல."

அதற்கு மேல் அண்ணன் தடுக்கவில்லை.

அம்மாவின் வலிக்காலத்தில் பழமும் சிரிப்புமாக வந்து அவரை எழுப்பிவிட்ட நீங்கள்தான் அவருக்குப் பாதி மருந்து. ஒபரேஷன் செய்த டொக்டருக்கும், தாதிமாருக்கும், உண்மையை மறைக்காமல் சொன்ன மிஸ்ஸுக்கும், எந்த மழையிலும் மறுக்காமல் வந்த ஓட்டோத் தம்பிக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அத்தையின் காலைத் தொட்டு மெட்டி மாட்டிய என் அண்ணிக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆகவே அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

திதி முடிந்ததும் எங்களை மறந்துவிட வேண்டாம். வழியில் போகும்போது வீட்டுக்கு வந்துவிட்டுப் போங்கள். அந்தக் கதிரையில் இப்போது அப்பா இருக்கிறார். உங்களைக் கண்டதும் எழும்புவார். தயவுசெய்து தடுக்காதீர்கள்.