சமையலறை வழியே ஒரு நடைபாதை பாத்தியம்

ஓலெட்டா ஸ்டாம்பருக்கு ஐம்பத்து நாலு வயது நடக்கும்போது, அவள் இருபத்தொரு வருடம் சமைத்துப் போட்ட பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். கென்டக்கியின் கிழக்கு மலைகளில் நிலக்கரி தீரத் தீரச் சனங்களும் தீர்ந்துகொண்டிருந்த சமயம் அது. மிச்சமிருந்த பிள்ளைகளை மலைக்கு அந்தப்புறம் இருந்த பெரிய பள்ளியில் சேர்த்தார்கள். அந்தப் பள்ளியில் சமைக்க ஏற்கெனவே ஆள் இருந்தது.

புருஷன் டென்சில் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சுரங்கத்துத் தூசி நெஞ்சில் அடைத்துக் கிடந்தவன். பிள்ளைகள் இல்லை. சுரங்கம் வேலை செய்துகொண்டிருந்த காலத்தில் இருவருமாகச் சேர்ந்து வாங்கிய பழைய மரவீடு மட்டும் இருந்தது; முன்னால் சாலை, பின்னால் குன்று. அந்தப் பள்ளத்தாக்கில் மூன்று வீட்டுக்கு ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. வேட்டைக்கும் மீன் பிடிக்கவும் வெளியூர்க்காரர்கள் வந்து அவற்றைக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். ஓலெட்டா யோசித்துப் பார்த்தாள். வீடு விற்றுக் கொடுக்க உரிமம் வாங்கலாம் என்று முடிவுக்கு வந்தாள். அதற்குப் பரீட்சை எழுத வேண்டும்.

அவளுடைய அக்கா ஜூவல் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காப்பி தளும்பியது.

"பள்ளிக்கூடத்துல படிக்கிறப்பவே பரீட்சைன்னா வயித்த வலின்னு படுத்துக்குவ. இப்ப எழுதப் போறியாக்கும்!"

"இப்ப வயிறு நல்லாத்தான் இருக்கு அக்கா."

"நம்ம பள்ளத்தாக்குல சும்மா குடுத்தாலே வாங்க ஆளில்ல. யாருகிட்டடி விப்ப?"

"காலி வீடு நெறய இருக்குல்ல. சரக்குக்குப் பஞ்சமில்ல. ஆளு தானா வரும்."

சனிக்கிழமைகளில் நாற்பது மைல் காரோட்டிப் போய் வகுப்பில் உட்கார்ந்தாள். பாடம் எடுத்த பர்செல் அம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டாள்: "சட்டச் சொல்லு நூத்தி இருபது இருக்கு. அதைக் கரைச்சுக் குடிச்சிட்டீங்கன்னா பாதிப் பரீட்சை முடிஞ்ச மாதிரி."

ஓலெட்டா கரைத்துக் குடிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லையும் ஓர் அட்டையில் எழுதி, கீழே பொருளையும் எழுதி, சமையலறை முழுக்க ஒட்டினாள். குளிர்பெட்டி மேல் வில்லங்கம். அடுப்புக்கு மேலே சர்வ சுதந்திர பாத்தியம். ஜன்னல் விளிம்பில் எதிரிடை அனுபோகம்: பிறர் நிலத்தை எல்லோரும் அறிய, விடாமல், தனக்கே உரியதுபோல் இத்தனை வருடம் வைத்திருந்தால் அது அவனுடையதாகிவிடும். டென்சிலின் நாற்காலி முதுகில் ஆயுட்கால அனுபோகம்: உயிரோடு இருக்கும் வரை உரிமை, செத்தால் அடுத்தவருக்கு. அதை ஒட்டும்போது கொஞ்சம் தயங்கினாள், பிறகு ஒட்டினாள். மேற்குச் சுவரில், கடிகாரத்துக்குக் கீழே, நடைபாதை பாத்தியம்: அடுத்தவர் நிலத்தின் வழியே நடந்துபோகும் உரிமை, நிலம் எத்தனை கை மாறினாலும் உரிமை போகாது.

காலையில் பின்டோ அவரையை அடுப்பில் ஏற்றிவிட்டு, கிளறிக்கொண்டே சத்தம் போட்டுப் படிப்பாள். மத்தியானம் ஒரு தடவை. நாலு மணிக்கு ஒரு தடவை. அந்த நாலு மணிப் படிப்பின்போதுதான் கவனித்தாள். நடைபாதை பாத்தியம் தரையில் கிடந்தது.

எடுத்து ஒட்டினாள். மறுநாளும் கிடந்தது. மற்றது எதுவும் விழவில்லை. பசை நாடா போட்டாள், விழுந்தது. நாலு மூலையிலும் ஆணி அடித்தாள். அன்றைக்கு அட்டை விழவில்லை. நடுவில் கிழிந்து தொங்கியது.

மத்தியானப் படிப்புக்குப் பிறகு வழக்கமாக வெளியே போகிறவள், மறுநாள் எங்கும் போகவில்லை. மேசையருகே உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். நல்ல வெயில் உள்ளே விழுந்திருந்தது. மூன்றரை மணி. மேற்குச் சுவரோரம் தரைப்பலகை ஒன்று மெல்ல முனகியது. பிறகு அடுத்தது. அவளைவிட எடை குறைந்த யாரோ, அவசரமில்லாமல், சாமான் எதுவோ இடுப்பில் வைத்திருப்பதுபோல் ஒரு காலை அழுத்தி ஒரு காலை இலேசாக வைத்து, அறையைக் குறுக்கே கடந்தார்கள். மேசைமேல் இருந்த காப்பியில் சிறு வளையம் எழுந்து அடங்கியது. கிழக்கே இருந்த பின்கதவின் தாழ்ப்பாள் மேலே ஏறியது. கதவு ஒரு சாண் திறந்தது. ஈரமண் வாசனை வந்தது. பிறகு ஒன்றுமில்லை.

ஓலெட்டாவின் கையில் பாதி சீவிய கிழங்கு இருந்தது. அதை முழுதாகச் சீவி முடித்தாள். அதற்குப் பிறகுதான் எழுந்தாள்.

பின்கதவு வழியே எட்டிப் பார்த்தாள். கதவடியிலிருந்து குன்றுவரை புல் ஒரு கோடாகப் படிந்து கிடந்தது. அந்தக் கோட்டை ஒன்பது வருடமாக அவளுக்குத் தெரியும். மான் போகும் தடம் என்று நினைத்திருந்தாள். இப்போது வீட்டைச் சுற்றி முன்பக்கம் போய்ப் பார்த்தாள். சாலையிலிருந்தும் அதே போல ஒரு கோடு வந்தது. நேரே வந்து சமையலறையின் மேற்குச் சுவரில், கதவே இல்லாத இடத்தில், முட்டி நின்றது.

அடுத்த நாள் அவள் செய்த காரியத்தைப் பின்னாளில் யாரிடமும் பெருமையாகச் சொல்லவில்லை. இறைச்சி வைக்கும் பெரிய உறைபெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பின்கதவை அடைத்தாள். மூன்றரைக்குக் காலடி வந்தது. அறையைக் கடந்தது. உறைபெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டது.

திரும்பிப் போகவில்லை. அப்படியே நின்றது. ஓலெட்டா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலில் ஒருவர் காத்து நிற்கும்போது முதுகில் ஒரு கனம் தெரியுமே, அது தெரிந்தது. பத்து நிமிடம். அரை மணி. அறை சில்லிட்டுக்கொண்டே போனது. கொதித்துக்கொண்டிருந்த அவரையின் மேல் ஆவி எழுவது நின்றுபோனது. கடைசியில் அவளால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய் உறைபெட்டியைத் தோளால் முட்டி ஒதுக்கினாள். தாழ்ப்பாள் உடனே ஏறியது.

"போயிட்டு வாங்க," என்றாள் ஓலெட்டா. ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

அந்தச் சனிக்கிழமை பர்செல் அம்மாள் வீட்டுப்பாடம் கொடுத்தாள். அவரவர் வீட்டுப் பத்திரத்தின் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டு வர வேண்டும்; இப்போதைய பத்திரத்திலிருந்து தாய்ப்பத்திரம் வரை.

மாவட்டப் பதிவு அலுவலகத்தில் ரேபர்ன் கேஹார்ட் என்பவர் இருந்தார். மெலிந்த மனிதர், கால்சட்டையைத் தோள்பட்டியால் பிடித்து நிறுத்தியிருப்பார். பள்ளியில் படித்த காலத்தில் அவருடைய மகன்கள் ஓலெட்டாவின் சோளரொட்டிக்கு அடித்துக்கொள்வார்கள்.

"வாங்க மிஸ் ஓலெட்டா. உங்க வீடுதானா? அது நெறயக் கை மாறின வீடாச்சே," என்று தடித்த புத்தகங்களை எடுத்துப் போட்டார்.

மாறித்தான் இருந்தது. முப்பத்தைந்து வருடத்தில் ஆறு பேர். ஒருவரும் நிலைக்கவில்லை. அதற்கு முன்னால் சமையலறையைக் கட்டிய ஹாடிக்ஸ் என்பவர். அவருக்கும் முன்னால், 1938-ஆம் வருடத்துப் பத்திரம், சாய்ந்த கையெழுத்தில். விற்றவர்: விதவை அர்மின்டா நோபிள். கடைசிப் பத்தியை ஓலெட்டா விரல் வைத்துப் படித்தாள். சாலையிலிருந்து குன்றின்மேல் உள்ள என் மூன்று பிள்ளைகளின் கல்லறை வரை, இப்போது நடந்துவரும் அதே வழியில், கால்நடையாகப் போய்வரும் பாத்தியத்தை எனக்கும் என் வாரிசுகளுக்கும் என்றென்றைக்கும் நிறுத்தி வைத்துக்கொண்டு மற்றதை விற்கிறேன்.

"அடுத்த பத்திரத்துல இது இல்லையே," என்றாள்.

"விட்டுட்டாங்க. எழுதுறவன் சோம்பேறியா இருந்திருப்பான்."

"அப்ப உரிமை போச்சா?"

ரேபர்ன் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "நீங்கதானே பரீட்சைக்குப் படிக்கிறீங்க. ஒருத்தன் எழுத மறந்தா உரிமை எப்படிப் போகும்? அது மண்ணோட ஒட்டினது. நீங்க வாங்கினப்ப அதையும் சேர்த்துத்தான் வாங்கினீங்க."

"இந்தம்மாவ எங்க புதைச்சிருக்காங்க?"

"இங்க இல்ல. மகன் தொழிற்சாலை வேலைக்கு ஒஹாயோ போனான்ல, கூடவே கூட்டிட்டுப் போயிட்டான். டேட்டன் ஊர்லதான் செத்துப்போனாங்கன்னு எங்கப்பா சொல்லுவாரு."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரை ஓரம் கட்டிவிட்டுச் சற்று உட்கார்ந்திருந்தாள். டென்சில் ஞாபகம். கடைசி வருடம் அவன் சமையலறை நாற்காலியிலேயேதான் கிடந்தான். அவள் பள்ளியிலிருந்து நாலேகாலுக்கு வருவாள். வந்ததும் அவன் கேட்பான்: "மறுபடியும் எங்க போயிட்ட? இப்பத்தானே என்னைக் கடந்து பின்பக்கம் போன? ஒரு வார்த்தை பேசல." மருந்து மயக்கம் என்று நினைத்து அவள் போர்வையை இழுத்து விடுவாள். அவன் தனியாக இருந்த ஒவ்வொரு மத்தியானமும் அவனுக்கு ஒரு துணை வந்துபோயிருக்கிறது. பயப்படவா, ஆறுதல்படவா என்று அவளுக்குப் புரியவில்லை.

குன்றின்மேல் ஏறினாள். காட்டுக் கொடிக்குள் மூன்று சிறு கற்கள். பெயர் இல்லை. வெறும் கல் என்று நினைத்துப் போன வருடம் ஒன்றின்மேல் உட்கார்ந்து ஆப்பிள் தின்றது ஞாபகம் வந்து, உடம்பு கூசியது.

ரேபர்ன் தேடிக் கொடுத்த முகவரிக்குக் கடிதம் எழுதினாள். அக்டோபர் மாதம் ஒரு சின்னக் காரில் அர்மின்டாவின் பேத்தி வொண்டா வந்து இறங்கினாள். எழுபதை நெருங்கிய, பேச்சுக்குப் பஞ்சமில்லாத பெண்.

"கடிதாசியப் பார்த்து எம்மவ சொன்னா, யாரோ ஏமாத்துறாங்கம்மா, போகாதங்குறா. என்னத்த ஏமாத்துவாங்க, என்கிட்ட இருக்கறதே பல்செட்டுதான்னேன்."

ஓலெட்டா காலடியைப் பற்றி எழுதியிருக்கவில்லை; கல்லறை, பாத்தியம், அவ்வளவுதான். குன்றுக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, உள்ளே உட்காரவைத்து ஆப்பிள் அடுக்குக் கேக் வைத்தாள். பாட்டியைப் பற்றிக் கேட்டாள்.

"அமைதியான மனுஷிம்மா. ஒரே ஒரு கிறுக்கு உண்டு. தெனமும் மூணரை மணிக்கு எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு எந்திரிப்பாங்க. டேட்டன் வீட்ல முன்கதவுலருந்து பின்கதவு வரைக்கும் நடப்பாங்க. கதவத் திறந்து கொஞ்ச நேரம் நிப்பாங்க. திரும்பி வந்துருவாங்க. நாங்க பொடிசுங்க பின்னாலயே நடந்து கேலி பண்ணுவோம். எங்க பாட்டி போறீங்கன்னா, 'போயிட்டு வந்துர்றேன்'னுவாங்க. சாகுறவரைக்கும் அப்படித்தான்."

ஓலெட்டா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று இருபத்தெட்டு. சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தாள். நேரமில்லை. பலகை முனகியது.

வொண்டா பேச்சை நிறுத்தினாள். காலடி அவளுக்கு அருகே வந்தபோது நின்றது. அதுவரை ஒருநாளும் அது நடுவழியில் நின்றதில்லை. வொண்டாவின் நெற்றியில் விழுந்திருந்த நரைமுடி, காற்றே இல்லாத அறையில், மெல்ல ஒதுங்கிக் காதுக்குப் பின்னால் போனது. பிறகு காலடி நகர்ந்தது. தாழ்ப்பாள் ஏறியது.

காதோர முடியைத் தொட்டுக்கொண்டே வொண்டா கேட்டாள், "உனக்குப் பயமா இல்லையாடி?"

"இருக்கு," என்றாள் ஓலெட்டா. "ஆனா வழி அவங்களோடது. வீட்டத்தான் நடுவுல கட்டிட்டாங்க."

வொண்டா அன்றே டேட்டனுக்குக் கிளம்பிவிட்டாள். ஊருக்குப் போய் மூன்று கற்களுக்கும் பெயர் எழுதி அனுப்பினாள்: லூதர், ஆல்ஃபா, பெயரிடாத பெண்குழந்தை. ஒரே வாரக் காய்ச்சலில் போனவர்கள்.

ஓலெட்டா அந்தப் பாத்தியத்தை வொண்டாவுக்கும் வாரிசுகளுக்கும் புதிதாக எழுதிக் கையெழுத்திட்டுப் பதிவு செய்தாள். பக்கத்து வீட்டு ஆர்வில் ஸ்லோனைக் கூப்பிட்டு மேற்குச் சுவரில் ஒரு கதவு வைக்கச் சொன்னாள்.

"இந்தப் பக்கம் கதவு எதுக்கு மிஸ் ஓலெட்டா? படி கூட இல்ல."

"படியும் வச்சிருங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே அறுத்தார். கதவு வைத்த பிறகு அதன் பக்கத்தில் ஒட்டிய புது அட்டை ஒருநாளும் விழவில்லை. பரீட்சையை அவள் முதல் தடவை கோட்டை விட்டாள். கணக்குப் பகுதி காலை வாரிவிட்டது. இரண்டாம் தடவை தேறினாள். சட்டச் சொற்களில் ஒரு கேள்விகூடத் தப்பவில்லை. ஊரில் மருந்துக்கடைக்கு மேலே ஓர் அலுவலகத்தில் சேர்ந்து, பூட்டிக் கிடந்த வீடுகளை ஒவ்வொன்றாக விற்றுக் கொடுத்தாள். வாங்க வருகிறவர்களிடம் கூரை ஒழுகுவதிலிருந்து சுவர் ஈரம் வரை எதையும் மறைக்க மாட்டாள் என்று பெயர் வாங்கினாள். தன் வீட்டை மட்டும் விற்கவில்லை. நல்ல விலைக்கு ஒருவர் கேட்டும் வந்தார். மூன்றரை மணிவரை உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார். பிறகு அவர் தொப்பியை எடுக்கக்கூட வரவில்லை.

சில வருடம் கழித்து ஜூவலுக்கு இடுப்பெலும்பு முறிந்து, தனியாக இருக்க முடியாமல் தங்கையிடமே வந்து சேர்ந்தாள். முதல் வாரம் கத்தினாள், ஜெபம் செய்தாள், பாதிரியாரைக் கூப்பிடு என்றாள். இரண்டாம் வாரம் முறைத்துக்கொண்டே இருந்தாள். இப்போது சமையலறையில் நாற்காலி போட்டுத் தொலைக்காட்சி பார்க்கிறாள். மூன்றரை மணிக்கு, வீடு கூட்டுகிறவளுக்கு வழிவிடுவதுபோல், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே நீட்டியிருந்த இரண்டு காலையும் மடக்கி உள்ளே இழுத்துக்கொள்கிறாள்.