மிஸ் ஹாத்தர்லி துப்பிய சனிக்கிழமை

அயர்லாந்தில், குதிரையேறி நரி வேட்டையாடுகிற பாலிடூன் வேட்டைக் கழகத்தின் செயலாளர் அட்ராக்டா கெராட்டிக்குக் குதிரை என்றால் பயம். சும்மா பயம் இல்லை, குலை நடுங்கும் பயம். ஏழு வயதில் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கப் போன காலையில், மாமாவின் குதிரை வேலிக்கு மேலே தலையை நீட்டி, அவள் தலையில் இருந்த வெள்ளை முக்காட்டை மெழுகுப் பூக்களோடு சேர்த்து மென்று தின்றுவிட்டது. அன்று எடுத்த போட்டோவில் அத்தனை சிறுமிகளும் தேவதை மாதிரி நிற்க, இவள் மட்டும் வெறுந்தலையும் வீங்கிய கண்ணுமாக நிற்கிறாள். அதற்கப்புறம் அவள் எந்தக் குதிரையையும் தொட்டது கிடையாது.

அப்படிப்பட்டவள் எப்படிச் செயலாளர் ஆனாள் என்று கேட்டால், எல்லாம் டெலிபோனால் வந்த வினை. ஊர் எக்ஸ்சேஞ்சில் அவள்தான் ஆபரேட்டர். எந்த வயலில் நரி தென்பட்டது, எந்தப் பண்ணைக்காரன் யார்மேல் கோபமாக இருக்கிறான், யார் வீட்டுச் சுவரை யார் குதிரை போன வாரம் இடித்தது என்பதெல்லாம் அவள் காதுவழியாகத்தான் போகும், வரும். அவள் ஒட்டுக்கேட்பாள் என்று நான் சொல்லவில்லை. காது இருந்தது, கேட்டது, அவ்வளவுதான். வேட்டை எங்கே கூடுவது என்று முடிவுசெய்ய அவளைவிட்டால் கால்வே மாவட்டத்தில் வேறு ஆள் இல்லை.

குதிரைப் பயம் வெளியே தெரியாமல் இருபத்தொரு வருடம் ஓட்டினாள். அதற்கு அவள் கண்டுபிடித்த வழி, எப்போதும் இரண்டு கையிலும் எதையாவது வைத்திருப்பது. தேநீர்த் தட்டு, நோட்டுப் புத்தகம், கேக் டப்பா. கை நிறைய வைத்திருக்கிறவளிடம் கடிவாளத்தைப் பிடி என்று யார் சொல்வார்கள்? கல்யாணம் அமையவில்லை, கூடப் பிறந்தவர்கள் எல்லாம் பாஸ்டனில். கழகப் பதிவேடு இருக்கும் ஊர் மண்டப அலமாரியின் சாவியை மாதா பதக்கத்தோடு சேர்த்துக் கழுத்தில் போட்டிருந்தாள். அந்தச் சாவிதான் அவளுக்குக் குடும்பம் என்று சொன்னால் மிகையில்லை.

அந்தச் சாவிமேல்தான் ஜார்லத் க்யூசாக் கண் வைத்தான். நிலமும் வீடும் ஏலம் விடுகிற ஜார்லத்துக்கு வாய் நீளம், கோட்டு அதைவிடப் பளபளப்பு. 1968 ஆகஸ்டில் கழகக் கூட்டத்தில் எழுந்தான்.

"மாவட்டத்துலயே நல்ல வேட்டைக் குதிரை எதுன்னு கண்டுபிடிக்க ஒரு போட்டி வைக்கணும். இதை நடத்தறதுக்குக் குதிரை தெரிஞ்ச செயலாளர் வேணும். நம்ம அட்ராக்டாவுக்குக் குதிரைக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னே தெரியாதே!"

"கடிக்கிறது முன்பக்கம், உதைக்கிறது பின்பக்கம். பேசுற பக்கம் எதுன்னு உன்னைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்," என்றாள் அட்ராக்டா.

கூட்டம் சிரித்தது. சிரித்த தெம்பில் அவள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். "போட்டிய நான் நடத்திக் காட்டுறேன். சொதப்புச்சுன்னா சாவிய கழட்டி உன் கையில குடுத்துடறேன், போதுமா?"

போதும் என்றான் ஜார்லத். அதைப் பதிவேட்டிலும் எழுத வைத்தான், பாவி.

வீட்டுக்குப் போனதும்தான் அவளுக்குச் சிக்கல் புரிந்தது. பாலிடூனில் தன் குதிரைதான் உசத்தி என்று சொல்லாத ஆண்பிள்ளை கிடையாது. நடுவராக உள்ளூர் ஆளைப் போடலாம் என்றால், எல்லாரும் எல்லாருக்கும் மச்சான் அல்லது சித்தப்பா. பக்கத்து ஊரில் அதற்கு முந்தின வருடம் குதிரைப் போட்டியில் ஜெயித்தவனின் மைத்துனனே நடுவராக இருந்து, கடைசியில் பாதிரியார் வந்துதான் அடிதடியை விலக்கினார். ஆகவே அட்ராக்டா கடலுக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்துக்குக் கடிதம் போட்டாள். லெஸ்டர்ஷயரில் நாற்பது வருடம் வேட்டைக் குதிரை ஏறிய மிஸ் ஹாத்தர்லி வர ஒப்புக்கொண்டார். இந்த அம்மாளுக்கு அயர்லாந்தில் ஒரு சொந்தமும் இல்லை என்பதை அட்ராக்டா டெலிபோனில் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டாள்.

வருகிறவருக்கு மூன்று பக்கம் தட்டச்சு செய்து அனுப்பினாள். எந்த ரயில், எந்த அறை, எந்தக் கதவு இழுத்தால் திறக்கும், எது உதைத்தால் திறக்கும், மதியச் சாப்பாட்டில் பன்றித் தொடைக்கறியா கோழியா, பாதிரியாரிடம் எந்தப் பேச்சை எடுக்கக்கூடாது, எல்லாம் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் இல்லை. அதை எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மூச்சு விடுங்கள் என்று யாராவது எழுதி அனுப்புவார்களா?

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை. மழைகூட மரியாதையாக மதியம்வரை காத்திருந்தது. இருபத்துமூன்று குதிரைகள் வந்தன. ஏற்பாடு கனகச்சிதம்: கல் அடுக்கிய சுவர் இரண்டு, சேணத்தில் உட்கார்ந்தபடியே திறக்க வேண்டிய ஒரு கேட், ஒரு பள்ளம், கடைசியில் குரைக்கும் வேட்டை நாய்களுக்கு நடுவே அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு குதிரையையும் மிஸ் ஹாத்தர்லியே ஏறி ஓட்டிப் பார்ப்பார். ஆள் ஒல்லி, நெட்டை, எழுபதை நெருங்கிய வயது. முதுகு மட்டும் விறைப்பாக இருந்தது.

முதல் குதிரை பார்ட்லி ஃபேஹியுடைய சாம்பல் நிறப் பெண்குதிரை. பார்ட்லி கல்லுடைத்துப் பயிர்வைக்கிற மனுஷன். பெண்டாட்டியிடம் பேசுவதைவிட இதனிடம் அன்பாகப் பேசுவான். பெயர் பெர்பெட்டுவா. பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பாடம் எடுத்த கன்னியாஸ்திரீயின் பெயர். இரண்டு பேரும் ஒரே மாதிரி உதைப்பார்களாம்.

பெர்பெட்டுவா சுவர்களைத் தாண்டியது, கேட்டுக்குப் பக்கவாட்டில் பதவிசாக ஒட்டி நின்றது, நாய்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மிஸ் ஹாத்தர்லி இறங்கினார். மைதானமே கேட்கிற குரலில் சொன்னார்: "அற்புதம்! நாப்பது வருஷத்துல இப்படி ஒரு குதிரைய நான் பாத்ததே இல்ல!"

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மைதானம் காத்திருந்தது. பார்ட்லி வாயைத் திறந்தபடி காத்திருந்தான். உயிருள்ள ஒன்றைப் புகழ்ந்தால், அது குழந்தையோ கன்றுக்குட்டியோ, உடனே "ஆண்டவர் காக்கட்டும்" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கண் பட்டுவிடும். பாலிடூனில் பேச்சு வராத பிள்ளைக்குக்கூட இது தெரியும். மிஸ் ஹாத்தர்லியோ கையுறையைக் கழற்றியபடி அடுத்த குதிரையிடம் போய்விட்டார்.

பெர்பெட்டுவா மூன்று அடி எடுத்து வைத்தது. நான்காவது அடியில் முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நொண்ட ஆரம்பித்தது.

"ஐயோ, போச்சே! என் தங்கத்துமேல கண்ணு வெச்சுட்டாளே!" பார்ட்லி தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான்.

அவ்வளவுதான், தீப்பிடித்த மாதிரி ஆனது மைதானம். காலையில் பிடரி மயிரைப் பின்னிப் பின்னிப் பூப்போட்டவர்கள் எல்லாம் அவசர அவசரமாகப் பிரித்துப் போட்டார்கள். ஒருவன் தன் செங்குதிரைமேல் வாளி வாளியாகச் சேற்றை ஊற்றினான். மிஸ் ஹாத்தர்லி அடுத்த குதிரையைப் பார்த்து, "அடடா, என்ன கம்பீரமான தோள்..." என்று ஆரம்பித்ததும் அதன் சொந்தக்காரன் குறுக்கே பாய்ந்தான்.

"இல்லவே இல்லம்மா! தோளா அது? ஆட்டுத் தோளு! இதுக்கு ஒரு கண்ணு தெரியாது, பல்லு ஆடுது, ராத்திரியெல்லாம் இருமுது!"

"ஆனா பாக்க நல்லாத்தானே..."

"வாயில வசம்பு வெச்சுத் தேய்க்க! சும்மா இருங்கம்மா!"

அதற்கடுத்தவன் தன்னுடையது குதிரையே இல்லை, பெரிய கழுதை என்றான். பன்னிரண்டு பேர் குதிரையை வண்டியில் ஏற்றிக் கிளம்பத் தயாரானார்கள். மிஸ் ஹாத்தர்லி குறிப்பு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாவட்டத்திலேயே மோசமான குதிரைக்கான போட்டிக்குத் தவறுதலாக வந்துவிட்டோமோ என்று அவருக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

ஜார்லத் நிதானமாக அட்ராக்டாவிடம் வந்து கையை நீட்டினான். "சாவி?"

அட்ராக்டாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இனி மண்டபத்தில் தன் நாற்காலியில் இவன் உட்காருவான், தன் பதிவேட்டில் இவன் கிறுக்குவான் என்று நினைத்துப் பார்த்தாள். ஆனால் அழுகையைவிட ஆத்திரம் முந்திக்கொண்டது. தேநீர்த் தட்டோடு விறுவிறுவென்று மிஸ் ஹாத்தர்லியிடம் போய்க் கண்பட்ட கதையையும் சாவிக் கதையையும் சொன்னாள்.

"அடக் கடவுளே! முதல்லயே சொல்லக்கூடாதா? இதோ சொல்றேன். ஆண்டவர் காக்கட்டும்!"

"இப்ப சொன்னா செல்லாது," என்றான் பார்ட்லி மூக்கைச் சிந்திக்கொண்டே. "கண்ணு பட்டுப்போச்சு. கண்ணு வெச்சவங்களே துப்பணும்."

"என்ன பண்ணணும்?"

"துப்பணும். குதிரைமேல."

மிஸ் ஹாத்தர்லியின் முகம் சுவர் மாதிரி ஆனது. "நான் பிறந்ததுலருந்து ஒரு தடவைகூடத் துப்பினதில்ல. பல் பிடுங்கினப்பகூட விழுங்கித்தான் தொலைச்சேன்."

"அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இது நின்னுபோச்சுன்னா எனக்கு இந்த ஊர்ல ஒண்ணுமே இல்ல," என்றாள் அட்ராக்டா.

மிஸ் ஹாத்தர்லி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. நான் துப்பறேன். ஆனா நீங்க குதிரையப் பிடிங்க. தட்டைக் கீழ வைங்க."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஜார்லத் நன்றாகப் பார்க்கவேண்டும் என்று கிட்டத்தில் வந்து நின்றுகொண்டான். அவள் தட்டைப் புல்லில் வைத்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு கடிவாளத்தைப் பிடித்தாள். பெர்பெட்டுவா அவள் தொப்பியை மோந்து பார்த்தது. ஐம்பது வருடத்துக்கு முந்தின மெழுகுப் பூக்களின் ஞாபகம் அவளுக்கு வந்தது. ஆனாலும் விடவில்லை.

மிஸ் ஹாத்தர்லியின் முதல் முயற்சியில் காற்றுதான் வந்தது. ஒருவன் தேநீர் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டாவது, குறி தவறி ஜார்லத்தின் புதுக் கோட்டில் இறங்கியது. மூன்றாவது, நச்சென்று பெர்பெட்டுவாவின் குளம்பில் விழுந்தது. குதிரை திடுக்கிட்டுக் காலை ஓங்கித் தரையில் உதைத்தது. எதுவோ சிறியதாகத் தெறித்து அட்ராக்டாவின் காலடியில் விழுந்தது. அப்புறம் குதிரை நடந்தது. நொண்டாமல், ஜம்மென்று நடந்தது.

கண்ணைத் திறந்த அட்ராக்டா கீழே பார்த்தாள். குளம்பின் அடியில் சிக்கியிருந்த கூர்மையான சரளைக்கல். யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் தொப்பியை மேலே எறிந்துகொண்டிருந்தார்கள். அவள் கல்லை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வாயைத் திறக்கவில்லை.

வண்டியில் ஏறிய பன்னிரண்டும் இறங்கின. சேறு கழுவப்பட்டது. கழுதை மறுபடி குதிரை ஆனது. மிஸ் ஹாத்தர்லி ஒவ்வொன்றையும் ஓட்டி, புகழ்ந்து, ஆண்டவர் பெயரைச் சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று துப்பவும் செய்தார். பத்தாவது குதிரைக்குமேல் குறி தப்பவே இல்லை. இருபத்தோராவது ஜார்லத்துடைய கறுப்புக் குதிரை. அதைச் சுற்றிவந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, துப்பவும் இல்லை, அடுத்ததற்குப் போய்விட்டார்.

"என்னம்மா, என்னுதுமேல துப்ப மாட்டீங்களா?" என்று பின்னாலேயே ஓடினான் ஜார்லத். பாவமாகத்தான் இருந்தது. பரவாயில்லை.

கோப்பை பெர்பெட்டுவாவுக்குத்தான். பரிசு கொடுத்து முடிந்ததும் ஜார்லத் விடாமல் எழுந்தான். "இருந்தாலும் சாவி விஷயம் இருக்கு. நடுவருக்கு ஒழுங்கா விவரம் சொல்லாதது சொதப்பல்தானே? பதிவேட்டுலயே எழுதியிருக்கு."

கூட்டம் முணுமுணுத்தது. நியாயம் என்று ஒருவன் தலையாட்டவும் செய்தான். அட்ராக்டாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

அப்போது மிஸ் ஹாத்தர்லி எழுந்து நின்றார். "நாப்பது வருஷமா நான் போகாத போட்டி இல்ல. பயத்துல கண்ண இறுக மூடிக்கிட்டும் குதிரையப் பிடிச்சு நின்ன ஒரே செயலாளர் இவங்கதான். இப்படி ஒரு செயலாளர நான் எங்கயும் பாத்ததில்ல."

சொல்லிவிட்டு நிறுத்தினார்.

மைதானம் மூச்சைப் பிடித்தது. பார்ட்லி எழுந்தே நின்றுவிட்டான். மிஸ் ஹாத்தர்லி அவசரமே இல்லாமல் ஒரு வாய் தேநீர் குடித்தார், தொண்டையைச் செருமினார், அட்ராக்டாவின் ஒரே நல்ல ஷூவின்மேல் நச்சென்று துப்பினார்.

"ஆண்டவர் காக்கட்டும்," என்றார்.

"காக்கட்டும்!" என்று ஊரே கத்தியது. அந்தச் சத்தத்தில் ஜார்லத் இன்னும் என்னவோ சொன்னான், யார் காதிலும் விழவில்லை. அட்ராக்டா சாவியை மறுபடி சட்டைக்குள் போட்டுக்கொண்டு, கழுவாத தட்டு ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஷூவை மட்டும் வீடு போய்ச் சேரும்வரை துடைக்கவே இல்லை.