செஞ்சி வண்டியில் இரண்டு சீட்டு

ஏஜெண்ட் விருத்தாசலத்தின் பேச்சை எடுத்தாலே எனக்கு முதலில் கோபம்தான் வரும். அழுகை அதற்குப் பிறகுதான். அதனால் கோபத்திலிருந்தே தொடங்குகிறேன்.

திண்டிவனத்தில் பஸ் நிற்கும் இடத்தில் எனக்குச் சோடாக் கடை, பாணி கடை என்பார்கள். கடையை ஒட்டி ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், மேலே ஒரு தகரம். செஞ்சி பஸ்ஸுக்கு டிக்கெட் போடும் இடம் அதுதான். ஏஜெண்ட் விருத்தாசலம், கோலியனூர்க்காரர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷத்திலிருந்து நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வெயிலில் காய்ந்தோம்.

மதராஸ் ரயிலில் வந்து இறங்கும் ஆட்கள் செஞ்சிக் கோட்டையைப் பற்றி அவரிடம் விசாரிப்பார்கள். மனிதர் உடனே ஸ்டூலை விட்டு எழுந்துவிடுவார்.

"ராஜகிரிக்கு வெயில் ஏர்றதுக்கு முன்ன ஏறிடுங்க. கமலக்கண்ணி அம்மன் கோயிலாண்ட கொஞ்சம் ஒக்காந்துக்குங்க. அதுக்கு மேல பாறை ரெண்டா பொளந்து கெடக்கும், மரப்பாலம் போட்டிருக்கும். கீழ பாக்காம தாண்டிடணும். அந்தாண்ட போயிட்டீங்கன்னா காத்து ஆளையே தூக்கும்."

கேட்கிறவர்கள் இவர் மாதம் ஒரு தடவை ஏறி இறங்குகிறார் என்று நினைப்பார்கள். மனிதர் அந்த மலையின் முதல் படியில்கூடக் கால் வைத்ததில்லை. பாலம் வரைக்கும் சொன்னதெல்லாம் அவர் மனைவி அம்சவள்ளி சொன்னது. பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ளது திரும்பி வந்த பிரயாணிகளிடம் கேட்டுக்கொண்டது.

அம்சவள்ளிக்கு முகையூர்ப் பக்கம். பன்னிரண்டு வயதில் அப்பாவோடு மாட்டுவண்டியில் சித்திரைத் திருவிழாவுக்குப் போய் மலை ஏறியிருக்கிறாள். பாலத்தைக் கண்டதும் கால் நகரவில்லை. "நீ இங்கயே ஒக்காரு, வந்துடறோம்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள்.

"அவ்ளோ சனமும் அந்தாண்ட. இந்தாண்ட நான் ஒருத்திதான். திரும்பி வரவே மாட்டாங்கன்னு நெனச்சு அழுதுக்கினே ஒக்காந்திருந்தேன்" என்று ஒருநாள் என் கடையில் கலர் குடித்துக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். "உங்க அண்ணன் கையைப் புடிச்சுக்கினு அதை ஒரு தடவை தாண்டிடணும், பாணி. அது போதும் எனக்கு."

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அவள் நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. இதை ஒன்றைத்தான் கேட்டாள்.

அதற்காக அவர் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பங்குனி பிறந்ததும் திட்டம் போட ஆரம்பித்துவிடுவார். எந்த வண்டி, எங்கே இறங்குவது, எத்தனை கூஜாத் தண்ணீர், புளிச்சோறா தயிர்ச்சோறா, கால் சுட்டால் எந்தப் பாறை நிழலில் நிற்பது, எல்லாவற்றையும் பழைய காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வார். "லங்கைக்குப் படை நடத்தவா போறீங்க?" என்று கிண்டல் செய்வேன். ஆனால் சித்திரையில் கூட்டம் வந்துவிடும். கடைசி இரண்டு சீட்டுக்கு இரண்டு பேர் வந்து கெஞ்சுவார்கள். இவர் கொடுத்துவிடுவார். வந்த ஆளை நிற்க வைத்துவிட்டுத் தான் ஏறிப் போவது அவருக்கு ஆகாத காரியம், அப்படி ஒரு வியாதி. "சரி, அடுத்த சித்திரை" என்பாள் அம்சவள்ளி. ஐந்து சித்திரை இப்படிப் போயிற்று.

முப்பத்தொன்பதில் அவள் வண்டியில் ஏறியே விட்டாள். ஜன்னலோரம், மடியில் கட்டுச்சோறு, தலையில் மல்லிகைப்பூ. பக்கத்துச் சீட்டில் இவர் துண்டைப் போட்டு இடம் பிடித்திருந்தார். வண்டி கிளம்பும் சமயத்தில் ரயிலடியிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் கைக்குழந்தையோடு ஓடி வந்தார்கள். அம்மனுக்குக் குழந்தையின் முடி இறக்க வேண்டுமாம். விருத்தாசலம் அவர்களைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

ஜன்னலருகே போய், "அம்சா, கொஞ்சம் எறங்கிக்கோ. கைக்கொழந்தைக்காரங்க. நாம அடுத்த வண்டில போயிடலாம்" என்றார்.

அவள் மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அடுத்த வண்டி திண்டிவனம் வந்து சேராமல் வழியிலேயே அச்சு முறிந்து நின்றுவிட்டது. மத்தியானம் என் கடைக்குள் வந்து மூட்டையைப் பிரித்து எங்கள் மூன்று பேருக்கும் புளிச்சோறு பரிமாறினாள். முகத்தில் கோபமே இல்லை. அவள் அன்றைக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் இவர் பிழைத்திருப்பார்.

அந்த ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் மேஜைக்கு வந்துவிட்டார். பிரயாணிகளுக்குப் பழையபடியே வழி சொன்னார். அவள் பெயரை மட்டும் எடுக்க மாட்டார். வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, ஓட்டலில் ஒருவேளை சாப்பாடு. வீட்டுக்குப் போக மனமில்லாமல், கடைசி வண்டி போன பிறகும் காலி மேஜையில் கையை ஊன்றி உட்கார்ந்திருப்பார்.

அடுத்த சித்திரையில் ஒரு கூத்து நடந்தது. திருவிழாவுக்குப் போகும் முதல் வண்டியில் ஜன்னலோரம் இரண்டு சீட்டை அவர் விற்கவில்லை. வண்டி அப்படியே போயிற்று. அதற்கடுத்த வருஷமும் அதே கதை. யுத்தம் முற்றிப் பெட்ரோல் கிடைக்காமல், கரியை எரித்து அந்த வாயுவில் ஓடும் கரி வண்டி வந்தது. கண்டக்டர் அரைமணி நேரம் விசிறியைச் சுற்றினால்தான் அது உயிர் பெறும், மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒன்பது பேர் சண்டை போட்ட அந்தக் காலத்திலும் அந்த இரண்டும் காலியாகவே போயின. ஜனங்கள் அவரை வாயில் வந்தபடி ஏசினார்கள். நானும் ஏசினேன்.

"அன்னிக்கு வித்தீங்க. இன்னிக்கு யாருக்கு வெச்சுக்கினு இருக்கீங்க?"

நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

நாற்பத்தாறாம் வருஷம் சித்திரையில் எனக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டில் புளிச்சோறு கட்டச் சொல்லி, கடையைச் சாத்திவிட்டு, அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்த ஜன்னலோரத்தில் உட்கார வைத்தேன். "டிக்கெட் நான் போடறேன். இன்னிக்கு நீங்க எறங்கினீங்கன்னா இனிமே என் மூஞ்சில முழிக்காதீங்க" என்றேன். அவர் நகர்ந்து, மூட்டையை ஜன்னலோரத்தில் வைத்துத் தான் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

சாயங்கால வண்டியில் திரும்பினார். ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தேன்.

"மேல போனீங்களாண்ணா?"

"போனேன். கோயில், பாறை, பாலம், எல்லாம் அவ சொன்ன மாதிரியே இருக்குது."

"தாண்டுனீங்களா?"

"இல்ல."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "இத்தனை வருஷம் திட்டம் போட்டு, அவ்வளவு தூரம் ஏறிட்டு, நாலு தப்படி வெக்க முடியலையா உங்களுக்கு?"

அவர் சோடாவைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நானும் தாண்டிப் போயிட்டா, அவ மறுபடியும் இந்தாண்ட ஒருத்தியா ஒக்காந்துக்கினு இருப்பா, பாணி. ஏற்கெனவே ஒரு தடவை எறக்கி விட்டவன் நான். பொழுது சாயற வரைக்கும் கூட ஒக்காந்துட்டு வந்தேன்."

கடைசி வண்டி போன பிறகும் நான் கடையைச் சாத்தாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சித்திரையில் அந்த இரண்டு சீட்டையும் அவர் விற்றுவிட்டார். வண்டி நிறைந்து போயிற்று. மதராஸிலிருந்து வந்த ஒருவர் வழி கேட்டார். இவர் எழுந்து நின்று அம்மன் கோயிலைச் சொன்னார், பிளந்த பாறையைச் சொன்னார், மரப்பாலத்தைச் சொன்னார்.

"பாலத்தைத் தாண்டினா என்ன இருக்கும்?" என்று கேட்டார் அந்த ஆள்.

"தெரியாதுங்க" என்றார் விருத்தாசலம். "நாங்க இந்தாண்ட வரைக்கும்தான் போயிருக்கோம்."